குறி தவறியது எவரால்? - மருத்துவர் மான் பிரித்தறிந்த சன்னங்கள்

றைபிள் சன்னமொன்று இலக்கைத் தவறுமாயின் பழி முதலில் சுட்டவர் தலையில் விழும். அடுத்துக் காற்றின் மீதும் வெடிமருந்தின் மீதும் சுமத்தப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குறிசூட்டுக்காரரிடையே இதுவே வழக்கம். தாமே ஈயம் உருக்கிச் சன்னம் வார்த்து, வெற்றுக் கோதுகளில் மருந்தை அளந்திட்டு, மீண்டும் ரவையாக்கியவர்கள் அவர்கள். ஆளுக்கொரு கைவைத்தியம் இருந்தது. நன்றாய் அமைந்த சூடுகள் கதையாகப் பேசப்பட்டன, ஏனையவை மறக்கப்பட்டன.

இதனை ஏற்க மறுத்தவர் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் மில்போர்ட் நகரில் வாழ்ந்த பிராங்ளின் வெஸ்ரன் மான் (1856 - 1916). மருத்துவப் பட்டம் பெற்றவராயினும் அத்தொழிலில் அவர் நிலைக்கவில்லை. கோழித்தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் பொறியொன்றை உருவாக்கி வருவாய் தேடினார். சன்னத்தின் பறப்பைப் பற்றிய அறிவு கோழிகளுக்கும் கடன்பட்டிருக்கிறது எனலாம்!

மான் முதலில் செய்தது, சுடும் மனிதரை விலக்கியமை. அசைக்கவியலாத கொங்கிறீற் மேடையொன்றை எழுப்பி, ஜிப்றோல்டர் பாறையின் பெயரையே அதற்குச் சூட்டினார். கைகளோ தோளோ கண்ணோ குறுக்கிடாமல், அதன் மேல் பொருத்திய குழலிலிருந்து 100 யார் தூரத்துக்குச் சுட்டார். வழியில் மெல்லிய தாள்திரைகளை நிறுத்தினார். வட்டத்துளை விழுந்தால் சன்னம் நேராகச் சென்றிருக்கிறது. நீண்ட துளையாயின் சாய்ந்து சென்றிருக்கிறது. புகழ்பெற்ற ஹரி போப் உருவாக்கிய குழல்களையும் அவர் பயன்படுத்தினார். ஆகவே குழலைக் குறைகூறவும் அதிக இடமிருக்கவில்லை.

அப்படியும் சூடுகள் சிதறின. எஞ்சியிருந்த முதன்மைச் சந்தேகநபர் சன்னமே.

சன்னங்களை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தார் மான். எல்லோரும் பேணிக் காத்த கூர்நுனியின் ஊனம் அவ்வளவாகத் தீங்கு செய்யவில்லை. அடிப்பாகத்தின் ஊனமே பெருந்தீங்கு செய்தது. குழல்வாயை இறுதியாக நீங்குவது அடிப்பாகம். அது ஒருபக்கம் குறைந்திருந்தால், அப்பக்கத்தால் முந்திப் பீறிடும் வாயு சன்னத்தைச் சாய்த்துவிடுகிறது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. முகம் பழுதற்ற எழுத்தும் அடி சமமில்லாவிடில் வரியைக் கெடுத்துவிடும்.

மற்றைய குற்றவாளி கண்ணுக்கே தெரியாதது. வார்ப்பின்போது உள்ளே ஒருபுறமாகக் காற்றுக்குமிழ் அகப்பட்டால் சன்னத்தின் பாரமையம் அச்சிலிருந்து விலகிவிடும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத் தரும் குழலில், அவ்விலகல் ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கே ஆயினும், 100 யாரில் சன்னம் இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இக்கணக்கு மாறாது.

தம் பரிசோதனைகளை 1909இல் மான் நூலாக வெளியிட்டார். மனிதக் கூறினை நீக்கிய ஆய்வு என்பதை அதன் துணைத்தலைப்பிலேயே அறிவித்திருந்தார்.

இன்றும் நுண்குறிச் சூட்டுக்காரர் சன்னங்களைத் தராசிலிட்டுத் தரம் பிரிக்கின்றனர். கோதுகளையும் நிறுக்கின்றனர்; அவற்றின் கழுத்துத் தடிப்பைச் சுற்றிவர அளக்கின்றனர். கழுத்தளவு பயனுள்ளதே: ஒருபுறம் தடித்த கழுத்து, சன்னத்தைக் குழலின் மையத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும். தராசைத்தான் பலரும் அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரே நிறையுள்ள இரு சன்னங்களில் ஒன்றின் குமிழ் நடுவிலும், மற்றதன் குமிழ் ஓரத்திலும் இருக்கக்கூடும். தராசு இரண்டையும் ஒரே பெட்டியில் இடும்.