தில்லியின் தந்தூர்: கரியிலிருந்து எரிவாயுவுக்கு

தந்தூர் என்னும் சொல் அடுப்பைக் குறிக்கிறதேயன்றி, அதில் எரியும் பொருளைக் குறிப்பதில்லை. அக்காதியத்தின் தினூரு, எபிரேயத்திலும் அரபியிலும் உள்ள தன்னூர், பாரசீகத்தின் தனூர் என அதன் உறவுச் சொற்கள் மேற்காசியா எங்கும் காணப்படுகின்றன.

பஞ்சாப் ஊர்களில் பெண்கள் கூடி ரொட்டி சுட்ட இவ்வடுப்பு, 1947 பிரிவினைக்குப் பின் அகதிகளின் வழியே தில்லி உணவகங்களின் அடையாளமாயிற்று. பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் முதலியோர் தரியாகஞ்சில் தொடங்கிய மோத்தி மகால் தந்தூரிக் கோழியைப் புகழ்பெறச் செய்தது.

இன்று தில்லியில் காற்று மாசு மிகும்போது, படிநிலைச் செயல்திட்டத்தின் முதற் கட்டத்திலேயே உணவகத் தந்தூர்களில் கரியும் விறகும் தடுக்கப்படுகின்றன. எரிவாயுவுக்கு மாறினால் சுவை குன்றும் என்பது சமையற்காரர் பலரின் அச்சம். ஆயினும் புகைமணத்தின் பெரும்பங்கு, சூடான பரப்பில் சொட்டும் கொழுப்பும் இறைச்சிச் சாறும் கருகுவதால் எழுவது. அடுப்பை முன்கூட்டியே நன்கு சூடேற்றினால் எரிவாயுவிலும் அது கிட்டும்.

உண்மையில் மாறுவது ஆபத்தின் இயல்பே. மூடிய இடத்தில் கரி கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கும். எல்பிஜி காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே காற்றோட்டமான திறந்தவெளி, இணைப்புகளில் சோப்பு நீர்ச் சோதனை, மூடியைத் திறந்துவைத்தே பற்றவைத்தல் ஆகியன இன்றியமையாதவை. கரியடுப்பில் பழகிய கைகளுக்கு இவை புதியவை. எரிபொருளை மாற்றச் சொல்லும் ஆணை, அடுப்படியில் நிற்கும் தொழிலாளிக்கு இப்பயிற்சியையும் உறுதிசெய்ய வேண்டும்.