பாட்டுக்குக் குறி சுட்ட கதை

போன வருடம் நாங்கள் நான்கு பேர் ஒரு ஆச்சியிடம் ஒப்பாரி பதிவு செய்யப் போனோம். முற்றத்தில் பாய் விரித்து, கைபேசியைச் செம்பு ஒன்றில் சாய்த்து வைத்துவிட்டு இருந்தோம். காணாமல் போன மகனை நினைத்து அவர் தானே கட்டிய பாட்டு. பாடத் தொடங்க முன்னர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிள்ளையள், பாட்டை எடுங்கோ. ஆனா என்ர பேரையும் ஊரையும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு வந்து வந்து விசாரிப்பினம்." "இல்லை ஆச்சி, சொல்லமாட்டம்" என்று வாக்குக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து கோப்பைக் கணினியில் ஏற்றியபோதுதான் கவனித்தோம். நாங்கள் பெயர் வைக்காத கோப்புக்குக் கைபேசியே பெயர் வைத்திருந்தது. அது ஆச்சியின் வீடு இருக்கிற ஒழுங்கையின் பெயர். கோப்புக்குள்ளே பதிந்த நாள், நேரம், கைபேசியின் விபரம் எல்லாம் இருந்தன. வாட்ஸ்அப்பில் அனுப்பப் போன கடைசி நிமிடத்தில்தான் எங்களில் ஒருத்தியின் கண்ணில் அது பட்டது. வாக்குக் கொடுத்தது நாங்கள்தான். எங்கட கையில் இருந்த கருவி ஒரு வாக்கும் கொடுக்கவில்லையே!

நாங்களே பதிந்த ஒரு பாட்டுக்குள், நாங்கள் எழுதாத அடையாளம் எப்படி வந்தது? எப்போதிருந்து வருகிறது? தேடிப் போனபோது எழுபது வருடக் கதை ஒன்று கிடைத்தது.

கயிறு வித்தவன் சுட்ட குறி

வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி மாடுகளுக்குக் குறி சுடுவார்கள். மாடு வழி தவறிப் போனால், யாருடைய மாடு என்று குறியைப் பார்த்துச் சொல்லலாம். அது சொந்தக்காரன் தன் சொத்துக்கு வைக்கிற அடையாளம். எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

காகிதத்துக்கும் இப்படி ஒரு குறி உண்டு. ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற நீர்க்குறிதான் அது. 1282இல் இத்தாலியின் ஃபப்ரியானோவில் செய்த காகிதங்களில் இருந்தே இது தொடங்குகிறது என்று சொல்கிறார்கள். ஒலிக்கு நீர்க்குறி வைக்கலாம் என்ற யோசனை வர இன்னும் பல நூற்றாண்டுகள் எடுத்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசை விற்ற அமெரிக்கக் கொம்பனி மியூசாக். அதற்காக எமில் ஹெம்புரூக் என்பவர் 1954இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961இல் அது கிடைத்தது. முறை சின்னது, ஆனால் கெட்டித்தனமானது. இசையில் 1000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் விட்டுவிட்டு வெட்டி எடுப்பது. வெட்டும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து, தந்திக்காரர்களின் மோர்ஸ் குறிகளைப்போல ஒரு அடையாள இலக்கத்தை எழுதிவிடலாம். கேட்கிறவரின் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கருவி மட்டும் வாசிக்கும்.

இதுவும் சொந்தக்காரன் சுட்ட குறிதான். மியூசாக் தன் இசைக்குத்தான் அடையாளம் வைத்தது. இதில் எங்களுக்குச் சண்டையில்லை. சிக்கல், இந்தக் குறி வீட்டில் பதிகிற கருவிகளுக்குள் வந்தபோதுதான் தொடங்கியது. மாடு எங்கட மாடு. ஆனால் கயிறு வித்தவன், எங்களுக்குத் தெரியாமல், அதன் தொடையில் குறி சுட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

உன் குரலும் உன்னுடையதில்லை

எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு கசெட் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட கதையை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு கசெட்டில் இருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று பதிந்து பதிந்து பாட்டுகள் போயின. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும். ஆனால் யாருடைய ரெக்கோர்டரில் பதிந்தது என்று கசெட்டில் எந்த இலக்கமும் எழுதியிருக்காது. கசெட்டோடு பிடிபட்டவருக்கு ஆபத்துத்தான். பதிந்து கொடுத்தவரின் பெயரை அந்த நாடா தானாகச் சொல்லாது.

1987இல் சோனி டிஜிட்டல் நாடாவான டற்றை (டி.ஏ.ரி) வெளியிட்டது. இரைச்சலே கூடாத பிரதி. இசைக் கொம்பனிகள் பயந்துபோயின. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1992 ஒக்ரோபரில் அமெரிக்காவில் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் வந்தது. வீட்டுப் பாவனைக்கான டிஜிட்டல் பதிவுக் கருவி ஒவ்வொன்றிலும் பிரதியைக் கட்டுப்படுத்தும் முறை இருக்கவேண்டும் என்று அது சொன்னது. மூலத்திலிருந்து ஒரு பிரதி எடுக்கலாம். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு டிஜிட்டல் பிரதி எடுக்க முடியாது.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒருவர் தன் வீட்டில், ஒலிவாங்கி வைத்து, தானே பாடிப் பதிந்தாலும் கருவி அதை யாரோ ஒருவரின் சொத்து என்றே எடுத்துக்கொண்டது. தன் பாட்டுக்கே இரண்டாம் பிரதி எடுக்க முடியாமல் சின்னக் கலைஞர்கள் தவித்தார்கள். அதிக விலை கொடுத்துத் தொழில்முறைக் கருவி வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதாவது, பதிகிற எல்லோரையும் கருவி முதலில் கள்ளனாக நினைத்தது. நிரூபிக்க வேண்டியது நாங்கள்.

இந்தக் குறி ஆளை அடையாளம் காட்டவில்லை என்பது உண்மை. அடுத்த படி அதையும் செய்தது. 1994இல் சர்வதேச இசைத் துறை அமைப்பான ஐ.எஃப்.பி.ஐயும் பிலிப்ஸும் சேர்ந்து, இறுவட்டுத் தொழிற்சாலைகளுக்கு அடையாள இலக்கம் கொண்டுவந்தன. கள்ள இறுவட்டு எந்தத் தொழிற்சாலையில் அச்சானது என்று கண்டுபிடிக்க. நியாயம்தான். ஆனால் வீட்டில் இறுவட்டு எழுதும் கருவிக்கும் இதே மாதிரி ஒன்று இருந்தது. தயாரித்த கொம்பனி, மாதிரி, அந்தக் கருவிக்கே உரிய தனி இலக்கம், இவை எழுதும் இறுவட்டிலேயே பதிந்துவிடும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது. கோப்புகளைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. இலக்கம் கருவியுடையதுதானே, ஆளுடையது இல்லையே என்று கேட்கலாம். கருவியின் இலக்கத்துக்கும் அதை வாங்கிய ஆளுக்கும் இடையில் ஒரு பற்றுச்சீட்டுத்தான் தூரம்.

நாங்கள் கேட்டதை யார் கேட்டார்?

1999இல் ரியல்ஜூக்பொக்ஸ் என்ற மென்பொருள் மிகப் பிரபலம். சொந்த இறுவட்டுகளைக் கணினியில் பதிந்து ஒழுங்காக அடுக்கி வைக்க உதவும். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். ரிச்சர்ட் ஸ்மித் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் தன் கணினியிலிருந்து வெளியே போகிற தகவல்களைக் கவனித்துப் பார்த்தார். எந்த இறுவட்டைப் போடுகிறார், எத்தனை பாட்டுப் பதிந்திருக்கிறார் என்பதெல்லாம் ரியல்நெட்வேர்க்ஸ் கொம்பனிக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடவே ஒரு தனி அடையாள இலக்கமும். பதிவு செய்யும்போது கொடுத்த மின்னஞ்சலோடு அந்த இலக்கத்தைப் பொருத்தினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நவம்பர் முதலாம் திகதி நியூயோர்க் ரைம்ஸில் செய்தி வந்தது. உடனேயே கொம்பனி மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தத் திருத்தமும் கொடுத்தது.

ஒரு விடயத்தைக் கவனியுங்கோ. அது பிழையென்று கொம்பனி தானாக வந்து சொல்லவில்லை. வெளியாள் ஒருவர் கண்டுபிடித்த பிறகுதான் மன்னிப்பு வந்தது.

அடுத்த வருடம் இசைக் கொம்பனிகளும் மின்னணுக் கொம்பனிகளும் சேர்ந்த எஸ்.டி.எம்.ஐ என்ற அமைப்பு ஒரு சவால் விட்டது. எங்கட நீர்க்குறிகளை முடிந்தால் நீக்கிக் காட்டுங்கோ, 10,000 டொலர் வரை பரிசு என்று 2000 செப்ரெம்பரில் அறிவித்தது. மூன்று வாரம் தந்தது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேர்ட் ஃபெல்ரனும் நண்பர்களும் நான்கு நீர்க்குறிகளையும் வென்றுவிட்டதாகச் சொன்னார்கள். பரிசு வேண்டுமென்றால் முறையை இரகசியமாக வைத்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் பணத்தை விட்டுவிட்டு, ஆய்வுக் கட்டுரையாக வெளியிடத் தீர்மானித்தார்கள். 2001 ஏப்ரலில் சட்ட நடவடிக்கை பற்றி எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. கட்டுரையை மீளப் பெற்றார்கள். பிறகு நீதிமன்றம் போனார்கள். ஓகஸ்டில் வொஷிங்ரனில் நடந்த பாதுகாப்பு மாநாடொன்றில் கட்டுரை கடைசியில் வாசிக்கப்பட்டது.

இந்தக் கதையை வாசித்தபோது எங்களுக்கு ஒரு விடயம் உறைத்தது. கெட்டிக்காரனால் குறியை அழிக்கமுடியும். பாட்டை ஆயிரக்கணக்கில் விற்கிற கள்ளனுக்கு அதற்கான கருவியும் நேரமும் இருக்கும். கடைசியில் யாரில் அந்தக் குறி மிஞ்சும்? குறி இருக்கிறதே தெரியாத சாதாரண ஆளில்தான். கள்ளனைப் பிடிக்க விரித்த வலையில் ஆச்சி மாட்டுப்படுவார்.

பெயர் எழுதின பாட்டு

2007 மே 30ஆம் திகதி அப்பிள், ஐரியூன்ஸ் பிளஸ் என்ற பெயரில் பூட்டில்லாத பாட்டுகளை விற்கத் தொடங்கியது. ஈ.எம்.ஐ கொம்பனியின் பாட்டுகள், ஒன்று 1.29 டொலர். எந்தக் கருவியிலும் போட்டுக் கேட்கலாம் என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். ஓரிரு நாளிலேயே கோப்புகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். வாங்கியவரின் முழுப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் வெறும் எழுத்தாக இருந்தன. முன்னர் விற்ற பூட்டிய பாட்டுகளிலும் அவை இருந்தன. பூட்டைக் கழற்றிய பிறகும் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை.

"களவாகப் பகிராவிட்டால் உனக்கென்ன பயம்?" என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். பதில் கஷ்டமில்லை. பாட்டுக் கருவி தொலைந்தால்? களவு போனால்? எடுத்தவன் இணையத்தில் ஏற்றினால், குற்றவாளியாக நிற்பது பெயருக்குச் சொந்தக்காரர். அதோடு வெறும் எழுத்தாக இருப்பதை யாரும் மாற்றலாம். உன் பாட்டில் என் பெயரை எழுதிவிடலாம். ஆக, அந்தக் குறி ஆளைக் காட்டிக்கொடுக்கவும் கூடும், பொய் சொல்லவும் கூடும்.

மின்சாரமும் பேசுகிறது

சரி, எல்லாக் குறிகளையும் அழித்துவிட்டால் பாட்டு அநாமதேயமாகிவிடுமா? இல்லை. சுவர் மின்சாரத்துக்குப் பக்கத்தில் பதிகிற ஒலியில் மெல்லிய ஒரு ரீங்காரம் கலந்துவிடலாம். எங்கட நாட்டில் அது 50 ஹேர்ட்ஸ். அது நொடிக்கு நொடி மிகச் சிறிதாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிந்து வைத்திருந்தால், ஒரு ஒலிப்பதிவு எந்த நேரத்தில் எடுத்தது என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். லண்டன் மாநகரப் பொலிஸின் தடயவியல் பிரிவு இப்படித்தான் மின்வலையின் ரீங்காரத்தைச் சேமித்து வைக்கிறது. வெட்டி ஒட்டிய போலி ஒலிப்பதிவைக் கண்டுபிடிக்க இது உதவும். நல்ல விடயம்தான்.

இப்போது கதை இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. 2023இல் கூகிள் டீப்மைன்ட், செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் இசைக்குக் காதில் கேட்காத நீர்க்குறி வைக்கத் தொடங்கியது. இயந்திரம் பாடியது எது, மனிசர் பாடியது எது என்று பிரித்தறிய. இதை நாங்கள் வரவேற்கிறோம். செத்துப்போன கலைஞர்களின் குரலில்கூடப் பாட்டு வருகிற காலம் இது. ஆனால் நாளைக்கு "குறியில்லாத ஒலிப்பதிவை நம்பாதே" என்று வந்தால், எங்கட சொந்தக் குரலுக்கும் எங்கட பெயரைக் குறியாக வை என்று கேட்பார்கள். அப்போது பெயர் சொல்லப் பயப்படுகிறவரின் சாட்சியம் என்னாகும்?

எங்கட நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய இடத் தகவலும் அதன்படி தனிப்பட்ட தரவுதான். ஆனால் நண்பர்களின் குழுவில் நாங்கள் தவறுதலாகப் போட்டுவிடுகிற கோப்பைச் சட்டம் வந்து தடுக்காது. அதை நாங்கள்தான் பார்க்கவேண்டும்.

குறியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பாடியவர் விரும்பிப் பெயர் போட்டால் அது கையெழுத்து. அதை மதிக்கவேண்டும். அவருக்குத் தெரியாமல் போட்டால் அது சூடு. இந்த எழுபது வருடக் கதையில் கொம்பனிகள் திரும்பத் திரும்பக் குழப்பியது இந்த இரண்டையும்தான். குழப்பத்தை வெளியே கொண்டுவந்தவர்கள், கோப்பைத் திறந்து பார்த்த சாதாரண ஆட்கள்.

நாங்களும் திறந்து பார்த்தோம். ஒழுங்கையின் பெயரை மாற்றினோம். உள்ளே இருந்த தகவல்களை அழித்தோம். பதிவுச் செயலிக்கு இருப்பிடம் பார்க்கும் அனுமதியை நிறுத்தினோம். பிறகு ஆச்சியிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். கோபிப்பார் என்றுதான் நினைத்தோம். பாட்டை ஒருக்கால் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"என்ர குரலைத் தெரிஞ்ச சனத்துக்கு நான் ஆரெண்டு தெரியும். தெரியாதவைக்கு ஏன் தெரியவேணும்?" என்றார். பிறகு, "வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.