மாத்திரை வழக்கு – 7: நாற்பத்து நான்குக்கு நாற்பத்து நான்கு

போன வாரம் ஆலன் லைலின் மேசையில் நிறுத்தியிருந்தோம். 1956-இல் நான்கே நோயாளிகளை வைத்துக்கொண்டு, வெந்நீர் கொட்டியதுபோலத் தோல் உரியும் ஒரு நோய்க்குப் பெயர் சூட்டிய ஸ்காட்லாந்துத் தோல் மருத்துவர் அவர். 1967-இல் பிரிட்டன் முழுக்கத் தகவல் திரட்டி 128 பேரின் விவரங்களை அடுக்கினார். குற்றவாளிக் கூண்டில் மருந்துகள் ஏறிவிட்டன. ஆனால் வக்கீல் கேட்கிற முதல் கேள்விக்கே பதில் இல்லை: 'அதே மாத்திரையை விழுங்கிய மற்றவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?'

பதில் வர ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது. வந்தது பிரிட்டனிலிருந்து அல்ல, தைவானிலிருந்து.

தைவானுக்குப் போகுமுன் அந்த வார்டுக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிடலாம். ஒருவருக்கு வலிப்புக்காகவோ, முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கும் நரம்பு வலிக்காகவோ புதிதாக மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காய்ச்சல். தொண்டை கரகரப்பு. கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். வீட்டில் எல்லோரும் 'வைரல் ஃபீவர்' என்கிறார்கள். கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். வலிப்பு மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பிறகு உதடு வெடித்து ரத்தம் கட்டுகிறது, மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். நர்ஸ் விரலால் லேசாகத் தள்ளினால், வெந்நீரில் போட்டெடுத்த தக்காளியின் தோல்போல மேல்தோல் வழுக்கிக்கொண்டு நகர்கிறது.

உடம்பின் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் உரிந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோமே, 1922-இல் நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களை வைத்து எழுதப்பட்ட அதே நோய்தான். முப்பது சதவீதத்தைத் தாண்டினால் லைலின் நோய். டாக்டர்கள் 'டென்' என்பார்கள். டென் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. தீக்காயம் பட்டவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்க வேண்டும். படுக்கை விரிப்பு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கூடவே தோலும் வரும். நம் நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிருமி நீக்கிய வாழை இலையை விரித்து அதன்மேல் நோயாளியைப் படுக்க வைப்பது. இலை ஒட்டாது, குளிர்ச்சி, செலவும் அதிகமில்லை. விருந்துக்கு விரிக்கிற இலைக்கு இப்படியும் ஒரு வேலை இருப்பது, இந்தத் தொடருக்காகப் படிக்கத் தொடங்கும்வரை எனக்குத் தெரியாது.

இனி தைவான். அங்கே இந்த நோயோடு வந்தவர்களின் மருந்துச் சீட்டுகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: கார்பமாஸெபின். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் 1953-இல் உருவாக்கிய மருந்து. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் டெக்ரிடால் என்று கேட்டால் கிடைப்பது இதுதான். நல்ல மருந்து. இதை நம்பி வலிப்பில்லாமல் வாழ்கிறவர்கள் உலகமெங்கும் ஏராளம். வில்லனாக மட்டும் பார்த்தால் கதை புரியாது.

சாங் குங் நினைவு மருத்துவமனையின் தோல் மருத்துவர் வென்-ஹங் சுங், ஆய்வாளர் ஷுவென்-இயௌ ஹுங், அகாடமியா சினிகாவின் மரபியலாளர் யுவான்-ட்சோங் சென் ஆகியோரின் குழு மாத்திரையை விட்டுவிட்டு நோயாளியைத் துருவ ஆரம்பித்தது. எங்கே துருவுவது? ஒரு தடம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சைமன் மல்லால் குழுவினர், அபாகவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கும் எச்.எல்.ஏ. என்ற மரபணுத் தொகுதியில் உள்ள ஒரு வகைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருந்தார்கள்.

எச்.எல்.ஏ. என்றால் புதிதாக ஒன்றுமில்லை. கிட்னி மாற்று அறுவைக்கு முன் 'பொருத்தம்' பார்க்கிறார்களே, அதில் பார்ப்பது இதைத்தான். ரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வகை என்றால், இதில் ஆயிரக்கணக்கான வகைகள். ஜாதகப் பொருத்தமே தேவலை. இதன் வேலை என்ன? ஒவ்வொரு செல்லும் தன் வீட்டுக்குள் இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து வாசல் திண்ணையில் வைக்கிறது. ரோந்து வரும் கூர்க்காக்கள், அதாவது ரத்தத்தின் டி செல்கள், ஒவ்வொரு திண்ணையாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். தெரிந்த பொருள் என்றால் நடையைக் கட்டுவார்கள். வைரஸின் துணுக்கு என்றால் வீட்டையே இடித்துவிடுவார்கள். அந்தத் திண்ணைதான் எச்.எல்.ஏ. அது எப்படிப்பட்ட திண்ணை என்பது அம்மாவும் அப்பாவும் கொடுத்தது.

கார்பமாஸெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்த 44 பேரின் ரத்தம் கிடைத்தது. எல்லோரும் ஹான் சீனர்கள். ஒவ்வொருவரின் எச்.எல்.ஏ. வகையையும் படித்தார்கள். முதல் ஆளிடம் பி*1502. இரண்டாம் ஆளிடமும். பத்தாவது, இருபதாவது, முப்பதாவது ஆளிடமும். உயிரியலில் இப்படி நடக்காது. 'எழுபது சதவீதம் பொருந்துகிறது' என்றாலே பெரிய சேதி. இங்கே 44 பேரில் 44 பேர்.

அதே மருந்தை எடுத்தும் தோலுக்கு ஒன்றும் ஆகாத 101 பேரையும் சோதித்தார்கள். அவர்களில் 3 பேரிடம்தான் இந்த வகை இருந்தது. நோயே இல்லாத பொதுமக்களில் 93 பேரைப் பார்த்தார்கள். 8 பேரிடம் இருந்தது. 2004 ஏப்ரல் 1 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. ஒரே பக்கம். முட்டாள்கள் தினத்தில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

எல்லோரும் அந்த 44-ஐப் பார்க்கிறார்கள். எனக்குக் கண் போவது அந்த மூன்று பேர் மேல். திண்ணை அதே திண்ணை, மாத்திரையும் அதே மாத்திரை, தோல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எட்டுப் பேர் கணக்கும் அப்படித்தான். பொதுமக்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் இந்த வகையைச் சுமக்கிறார் என்றால், அந்த மருந்தைத் தொடும் அத்தனை பேருக்கும் ஆபத்து நேர்ந்திருந்தால் தைவானின் தீக்காய வார்டுகளில் இடமே இருந்திருக்காது. அப்படி நடக்கவில்லை. ஆக, இந்தத் திண்ணை இல்லாமல் அந்த 44 பேருக்கும் நோய் வரவில்லை. திண்ணை இருந்தால் மட்டும் நோய் வந்துவிடவும் இல்லை. கூர்க்காவைப் பற்றியும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போதைக்கு, கண்டுபிடிப்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வேலை சுலபம் என்றுதானே தோன்றும்? மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. பி*1502 இருந்தால் வேறு மருந்து. வக்கீலின் கேள்விக்கு விடை கிடைத்தது, வழக்கு முடிந்தது.

ஐரோப்பியர்களும் அப்படித்தான் தங்கள் நோயாளிகளை எடுத்துச் சோதித்தார்கள். கார்பமாஸெபினால் தோல் உரிந்தவர்கள் 12 பேர். தைவானில் விழுந்தது நூற்றுக்கு நூறு. இங்கே பாதிக்கு மேலாவது தேற வேண்டாமா? 2006-இல் முடிவு வெளியானது.

12 பேரில் 4 பேர்.

மீதி எட்டுப் பேருக்கும் அதே மருந்து, அதே நோய். பி*1502 மட்டும் இல்லை. தைவான்காரர்கள் ஏமாந்தார்களா, ஐரோப்பியர்கள் சோதித்ததில் பிசகா? இரண்டுமே இல்லை. ஆய்வாளர்கள் அந்த நால்வரின் கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மருந்து, அளவு, நாள் கணக்கு எதிலும் அடங்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: 'உங்கள் பூர்வீகம் எது?'

நான்கு பதில்களும் ஒரே திசையைக் காட்டின.

(தொடரும்)