பயறு டப்பாவில் திரும்பத் திரும்ப வண்டு: தாயின் வயதுக்கும் முட்டை அளவுக்கும் என்ன சம்பந்தம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மொத்தமாக மளிகை வாங்கிப் போடும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "போன வாரம்தான் சலிச்சு வெச்சேன், திரும்பவும் பயறுல வண்டு!"

சலித்தும் ஏன் போவதில்லை? தாய் வண்டைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும்.

பச்சைப்பயறு, காராமணி, கொண்டைக்கடலையைத் துளைப்பது பயறு வண்டு. வளர்ந்த வண்டுக்கு சாப்பாடும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். புழுவாகப் பயறுக்குள் இருந்தபோது தின்று சேர்த்த சத்துதான் அதன் மொத்த சொத்து. அதை வைத்தே ஒன்று இரண்டு வாரம் வாழ்ந்து, கிட்டத்தட்ட 100 முட்டை வரை போட்டுவிடும்.

கையிருப்பு கரையக் கரைய முட்டையும் சின்னதாகிறது. முதல் நாள் முட்டை பெரிது, கடைசி நாள் முட்டை சிறிது. அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஃபாக்ஸ் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வயதான தாயின் முட்டையிலிருந்து வருபவற்றில் பிழைப்பது குறைவு. பிழைத்தவை வளர அதிக நாள் எடுக்கும். அதாவது, எல்லாம் ஒரே நாளில் வெளியே வராது. சலித்து முடித்த பிறகும் உள்ளே தாமதமாக வளரும் புழு இருக்கும்.

வண்டின் உடல் அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பயறுக்குள் பல புழு சேர்ந்தால் தீனி பங்காகிவிடும். வெளிவரும் வண்டு சின்னதாக இருக்கும்.

எல்லாப் பூச்சிக்கும் இதே கணக்கு இல்லை. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ, ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத்தான் வயிற்றில் பால் மாதிரி ஒரு திரவம் கொடுத்து வளர்க்கும். மிக இளம் தாய்க்கும் சின்னக் குட்டி, வயதான தாய்க்கும் சின்னக் குட்டி. நடுவயதில் பிறப்பதுதான் பெரிது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பயறின் தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வாங்கும்போதே பாருங்கள். சலித்தால் வண்டு மட்டும்தான் போகும், முட்டை போகாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் முட்டையைத் தேய்த்து நசுக்கும் கருவியே உருவாக்கியிருக்கிறது. வீட்டுக்கு ஃப்ரீசர் போதும்: காற்றுப் புகாத பையில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு மூன்றுமே சாகும். விதைக்கு வைத்திருக்கும் பயறாக இருந்தால் நன்றாகக் காய வைத்த பிறகே வையுங்கள்.