சதுரங்கக் கதையில் ஓர் எண்

சதுரங்கத்தின் முதற்கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, பின் கட்டந்தோறும் இருமடங்கு எனப் பரிசு கேட்டவரின் கதையை நாம் அறிவோம். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (1211–1282) அதைத் தொடக்கத்தில் நம்பவில்லை. அந்த ஐயமே நம்மைக் கவர்கிறது. அலெக்சாந்திரியாக் கணக்கர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே ஏற்றார். புதுக்கோட்டை உழவர் படி, மரக்கால், கலம் என ஏறுவதுபோல் அக்கணக்கும் ஏறியது: 16ஆம் கட்டத்தின் 32,768 மணிகள் ஒரு ‘கதஹ்’, 40ஆம் கட்டம் ஒரு களஞ்சியம், 50ஆவது, 1,024 களஞ்சியங்கள் கொண்ட ஒரு நகரம், 64ஆவதோ 16,384 நகரங்கள்!

அவருக்கு முன்பே அல்பிரூனீ (பிறப்பு 973), 2, 4, 16, 256 எனத் தொடர்ந்து வர்க்கப்படுத்தி, இறுதியில் ஒன்றைக் கழித்து, மொத்தம் 18,446,744,073,709,551,615 எனக் கண்டிருந்தார். வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் அது இரு காரணிகளாகப் பிரியும். ஆகவே இவ்வெண் 3, 5, 17, 257, 65,537 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும். எஞ்சும் 4,294,967,297ஐப் பகா எண்ணென ஃபெர்மா கருதினார். 1732இல் ஆய்லர் அதை 641ஆல் வகுத்துக் காட்டினார்.