ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி

சென்னை பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்கு அருகே உள்ள இலவசப் பள்ளி. பிரம்மஞான சபையின் முதல் தலைவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவருமான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், தீண்டாமைக்கு உள்ளான குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1894இல் இதை அடையாறு ஊரூரில் தொடங்கினார். சபை அடையாற்றங்கரைத் தோட்டத்துக்குக் குடிவந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் எனப் பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்கு வைத்த பெயர் திருவள்ளுவர். மதம் புகட்டுவதில்லை என்பது ஆல்காட்டின் கொள்கை. மிஷன் பள்ளிகள் பெருகியிருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவுதான். ஆனால் பட்டதாரிகளை உருவாக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. தமிழ் எழுத்து, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், பிழைப்புக்கு உதவும் அளவு போதும் என்றே கருதினார். அந்த வரம்பை இன்றைய மேல்நிலை வகுப்புகள் எப்போதோ தாண்டிவிட்டன. 1898இல் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் நாடி ஆல்காட்டை அணுகியதும் இந்தப் பள்ளிகளின் காலத்தில்தான்.

கல்விக் கட்டணம் கிடையாது. சீருடை, பாடநூல், உணவு எல்லாம் இலவசம். சுற்றுவட்டார மீனவக் குப்பங்களிலிருந்தும் கூலித் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பக்கத்துக் குப்பம் ஒன்றுக்கே ஆல்காட் குப்பம் என்று பெயர். 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவால் கர்நாடக இசை ரசிகர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானது.