வேளாண்மை, கால்நடை அறிவியல் பட்டப்படிப்புகளும் களப்பயிற்சியும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பட்டப்படிப்பைக் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பைச் சென்னை மாதவரம் பால்பண்ணையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. முன்னது 1971இலும் பின்னது 1989இலும் பல்கலைக்கழகமாயின. இளநிலை வேளாண்மைப் படிப்பு நான்கு ஆண்டு. கால்நடை மருத்துவமும் கால்நடைப் பராமரிப்பும் இணைந்த பட்டம் ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு முழுவதும் உள்ளிருப்புப் பயிற்சி. இரண்டிலும் வயல், தொழுவம், மருத்துவமனை, கிராமம் ஆகியவை பாடத்திட்டத்துக்குள்ளேயே வருகின்றன. எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் களப்பயிற்சியை முடிக்காதவருக்குப் பட்டம் கிடையாது.

தோற்றம்

இரண்டு கல்விக்கும் தொடக்க இடம் சைதாப்பேட்டை. 1868இல் அங்கே வேளாண்மைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. பள்ளியோடு பண்ணையும் இருந்தது. உழவைக் கரும்பலகையில் மட்டும் கற்பிக்க முடியாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்த நிறுவனம் 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. கரிசலும் செம்மண்ணும், வாய்க்கால் பாயும் நன்செய்யும் கிணற்றுப் பாசனத் தோட்டக்காலும் மானாவாரியும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும் கோவை, இந்தக் கல்விக்குச் சைதாப்பேட்டையைவிடப் பன்மடங்கு பொருத்தமான இடம். 1912இல் கரும்பு இனப்பெருக்கு நிலையமும் அதே ஊரில் அமைந்தது. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் வேளாண்மைப் பட்டம் பெற்றது கோவைக் கல்லூரியில்தான்.

கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று சைதாப்பேட்டை டாபின் ஹாலில் 20 மாணவர்களோடு தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போனது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கத் தொடங்கியது. 1970களில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்து, 1989இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்தது. பயிரும் மாடும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தது அந்தக் குறுகிய காலம் மட்டுமே.

இன்று வேளாண்மைக்கு மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, குடுமியான்மலை, வாழவச்சனூர் எனப் பல உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. பெரியகுளத்தில் தோட்டக்கலையும் மேட்டுப்பாளையத்தில் வனவியலும் கற்பிக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவத்துக்கு வேப்பேரியை அடுத்து 1985இல் நாமக்கல் கல்லூரி வந்தது. திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டைக் கல்லூரிகள் அதன் பிறகு வந்தவை.

வயலில்

வேளாண்மை மாணவருக்குக் கல்லூரிப் பண்ணையில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்படுகிறது. விதைப்பு முதல் அறுவடை வரை அந்த நிலத்துக்கு அவரே பொறுப்பு. ஒரு பருவத்தில் நன்செய்ப் பயிர், மற்றொரு பருவத்தில் தோட்டக்கால் அல்லது மானாவாரிப் பயிர் என இது நடக்கிறது. விதை, உரம், ஆள்கூலி, விளைச்சல் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கடைசியில் வரவு செலவு காட்ட வேண்டும்.

நெல்லை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை விதைத் தேர்வு. வாளித் தண்ணீரில் புதிய கோழி முட்டை ஒன்றைப் போட்டால் அது அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலெழும்பி, அதன் ஓடு ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரியும். அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதந்துவிடும். மூழ்கிய மணியை மட்டும் எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அதன் பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி. திருந்திய நெல் சாகுபடி முறையில் 14 நாள் வயதுள்ள நாற்றை ஒற்றை நாற்றாக, 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுகிறார்கள். சதுரமாக நட்டால்தான் கோனோவீடர் என்ற களைக்கருவியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்டிக் களையைச் சேற்றிலேயே அமிழ்த்த முடியும். ஒரு சால் ஓட்டி முடித்ததும் தோள்பட்டை இற்றுவிடும். அந்த வலி தெரிந்தவர்தான் நாளைக்கு அலுவலராகப் போகும்போது, இந்தக் கருவியை வாங்குங்கள் என்று ஒரு விவசாயியிடம் பொறுப்போடு சொல்ல முடியும்.

தழைச்சத்து இடுவதற்கு இலை வண்ண அட்டை உண்டு. நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை, குறித்த இடைவெளியில் பத்து இலைகளை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ எல்லைக்குக் கீழே வெளிறியிருந்தால்தான் யூரியா. தன் உடம்பின் நிழல் இலைமேல் விழும்படி நின்று பார்ப்பது, ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது போன்ற நுணுக்கங்கள் வயலில் நிற்பவருக்கே பழகும்.

மண் மாதிரி எடுப்பதும் இப்படித்தான். வரப்பு, எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை விட்டு, ஆங்கில வி எழுத்துப் போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்ட வேண்டும். பல இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். பருத்தி, கரும்பு போன்றவற்றுக்கு 22.5 சென்டிமீட்டர் ஆழம்.

தொழுவத்தில்

கால்நடை மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் பண்ணை வளாகமும் மருத்துவமனை வளாகமும் இருந்தாக வேண்டும் என்பது இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் விதி. முதல் ஆண்டுகளில் மாணவர் செய்வது பெரும்பாலும் பராமரிப்பு வேலை: சாணி அள்ளுதல், கன்றுக்குச் சீம்பால் கொடுத்தல், கறவை, தீவனம் நிறுத்துப் போடுதல், எடை எடுத்தல், பல்லைப் பார்த்து வயது சொல்லுதல். மருத்துவர் ஆக வந்த பிள்ளைக்கு இது சலிப்பாக இருக்கலாம். ஆனால் நலமான மாடு எப்படி நிற்கும், எப்படி அசைபோடும் என்பது கண்ணில் பதியாமல் நோயுற்ற மாட்டை அடையாளம் காண வழியில்லை.

மருத்துவமனையில் பயிற்சி கையிலிருந்து தொடங்குகிறது. மாட்டின் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்து, பெருவயிறு இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு முதல் நான்கு முறை அசைந்தால் செரிமானம் ஒழுங்காக இருக்கிறது. சினைப் பரிசோதனைக்குத் தோள் வரை நீளும் கையுறை அணிந்து ஆசனவாய் வழியாகக் கையைச் செலுத்தி, குடலின் சுவரினூடே கருப்பையைத் தொட்டுணர வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்நுனிதான் பார்க்கிறது. தொடக்கத்தில் எதைத் தொடுகிறோம் என்றே புரியாமல் கை மரத்துப்போகும். எத்தனை மாடுகளில் பழகுகிறாரோ அந்த அளவுக்கே இது கைவரும். அதனால் ஒரு கல்லூரி மருத்துவமனைக்கு அன்றாடம் எவ்வளவு மாடு வருகிறது என்பது அங்கே கிடைக்கும் கல்வியின் தரத்தையே தீர்மானிக்கிறது.

சினை ஊசி போடுவதிலும் நேரமும் கையும் முக்கியம். மாட்டின் பருவச் சுழற்சி 21 நாள். காலையில் கத்தி, வழும்பு ஒழுகினால் மாலையில் ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. உறைவிந்து குச்சி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்கப்பட வேண்டும். இதில் கவனம் தப்பினால் விவசாயிக்கு 21 நாள் தீவனச் செலவு வீண். அந்தக் கணக்கை மாணவர் மனத்தில் பதியவைக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர்.

மரபு மருத்துவத்துக்கும் பல்கலைக்கழகத்தில் இடமுண்டு. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர்க்கவிட்டு, மடி முழுவதும் பலமுறை பூசும் முறை தஞ்சாவூரில் உள்ள மூலிகை மருத்துவ ஆய்வு மையம் வழியாகப் பரவலாகத் தெரியவந்தது. கிருமிக்கொல்லி மருந்தின் எச்சம் பாலில் கலப்பதைக் குறைக்க இது உதவுவதால், மாணவர்கள் இதை ஒதுக்கிவிடாமல் கற்பது நல்லது.

இறுதி ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சியில் உதவித்தொகை உண்டு. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் கற்பதற்கு வளமான இடங்கள். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளின் நோய்கள்; பர்கூரில் மலைமாட்டினம்; பொட்டனேரியில் மேச்சேரி ஆடு; நீலகிரி சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து உருவாக்கிய சாண்டினோ.

ஊருக்குள்

வேளாண்மைப் படிப்பின் நான்காம் ஆண்டில் ஊரக வேளாண்மைப் பணி அனுபவத் திட்டம் வருகிறது. 2015இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஸ்டூடன்ட் ரெடி திட்டத்தின் கூறுகளில் இதுவும் ஒன்று. மாணவர்கள் குழுவாக ஒரு வட்டாரத்தில் தங்கி, விவசாயக் குடும்பங்களோடு பழகி வேலை கற்கிறார்கள்.

முதலில் ஊரை அறிய வேண்டும். கோவில் திடலிலோ பள்ளி வளாகத்திலோ கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போடுகிறார்கள். தெரு, ஏரி, கிணறு, ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே குறித்துக் காட்டுகிறார்கள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்பது இந்தக் கோலத்தில் வந்துவிடும். வேறெந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது. அடுத்து செயல்விளக்கங்கள்: மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, விதை நேர்த்தி, தென்னை டானிக். ஒரு லிட்டர் டானிக்கோடு நான்கு லிட்டர் தண்ணீர் கலந்தால் 25 மரத்துக்கு வரும். மரத்துக்கு 200 மில்லி. பென்சில் பருமனுள்ள உயிர்வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, டானிக் பையில் நுழைத்துக் கட்ட வேண்டும். வேரைத் தேடித் தோண்டுவதுதான் வேலையின் பெரும்பகுதி.

எனினும் இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் மாணவர் காட்டும் செயல்விளக்கத்தில் இல்லை. விவசாயி எதிர்க்கேள்வி கேட்கும் நேரத்தில்தான் அது கிடைக்கிறது. ஒற்றை நாற்று நட ஆள் வருவாளா தம்பி, கூலி யார் கொடுப்பது என்று கேட்கும்போது, பரிந்துரைக்கும், விவசாயியின் பையில் உள்ள பணத்துக்கும் இடையிலுள்ள தூரம் மாணவருக்குப் புலப்படுகிறது. புகைப்படம் எடுத்து நாளிதழுக்கு அனுப்புவதோடு இதை முடித்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. அவர்கள் இழப்பது மீண்டும் கிடைக்காத வாய்ப்பு.

இத்தகைய பயிற்சிக்குத் துணைநிற்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அமைந்தது.

பிரிந்த இரண்டு துறைகள்

பயிர் படிப்பவர் கால்நடை பற்றிப் படிப்பது மிகக் குறைவு. கால்நடை படிப்பவருக்கும் பயிர் என்றால் பெரும்பாலும் தீவனப் பயிர்தான். ஆனால் தமிழ்நாட்டுச் சிறு விவசாயியின் வீட்டில் இவை பிரிந்து இருப்பதில்லை. வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு, பால் பணம் வாரச் செலவுக்கு. கோவையில் உருவான கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் இன்று பல தொழுவங்களுக்கு அடிப்படைத் தீவனம். அதாவது ஒரு பல்கலைக்கழகம் வளர்த்த புல்லை மற்றொரு பல்கலைக்கழகம் வளர்த்த அறிவால் பேணப்படும் மாடு பாலாக்குகிறது. ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றிய பாடம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது. வேளாண்மை மாணவர் சில வாரமாவது கால்நடை மருத்துவமனையிலும், கால்நடை மாணவர் ஒரு பருவமாவது வயலிலும் இருக்கும்படி இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தால் இருவருக்கும் நல்லது.

இலங்கையில் அமைப்பு வேறு. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் விலங்கு விஞ்ஞானம் விவசாய பீடத்துக்குள்ளேயே ஒரு துறை. மிருக வைத்தியம் பேராதனையில் தனிப் பீடமாக இருக்கிறது.

சேர்க்கையும் கல்லூரித் தேர்வும்

இரு பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கால்நடை மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் கேட்கப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் இந்தப் படிப்புகளுக்கும் வந்தது. தொழிற்பிரிவில் வேளாண்மை படித்தவர்களுக்கும் தனி இடங்கள் உண்டு. படித்து முடித்தவர்களுக்கு வேளாண்மை அலுவலர், கால்நடை உதவி மருத்துவர், வங்கிகளின் வேளாண் அலுவலர், விதை நிறுவனம், பால் நிறுவனம், கோழிப் பண்ணை எனப் பல வழிகள் திறந்திருக்கின்றன.

உறுப்புக் கல்லூரிகளைத் தவிர, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளும் பல உள்ளன. சேருவதற்கு முன் பெற்றோரும் மாணவரும் அங்கே நேரில் போய், ஆளுக்கொரு துண்டு நிலம் உண்டா, கோடையிலும் அதற்குத் தண்ணீர் இருக்குமா, தொழுவத்தில் மாடு இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள். இவை இல்லாத கல்லூரியில், கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சேர வேண்டாம்.